கெட்டிஸ்பேர்க்: அசல் துவக்கும் நகல் துவக்கும்



"நாளைக்கு ஒரு யுத்தம் பார்க்கப் போகிறோம் உம்மா" என்று நான் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் உம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இஞ்ச பார்த்தது காணாதா மகள்?" என்று மட்டும் கேட்டார். வெடிச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிய தலைமுறை அது. அந்த இரவுகளை உங்களில் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே, அமெரிக்காவில் மனிதர்கள் சொந்தக் காசைச் செலவழித்து, நூற்று அறுபது வருடங்களுக்கு முந்திய யுத்தம் ஒன்றைத் துவக்கும் கையுமாகத் திரும்ப நடத்திப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் உங்கள் வாயிலும் முதலில் உம்மாவின் கேள்விதான் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என்னை அங்கே இழுத்துச் சென்றவன் என் தம்பியின் மகன். தம்பி குடும்பம் மேரிலாண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அவர்கள் வீட்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் வாகனம் ஓடினால் பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பேர்க் என்ற சிற்றூர் வந்துவிடும். மருமகனுக்குப் பதினைந்து வயது. பாடசாலையில் உள்நாட்டு யுத்தத்தைப் படித்த நாள் முதல் அவனுக்கு ஒரே பித்து. பழைய படையணி ஒன்றின் பெயரில் வாரவிடுமுறைகளில் கூடிப் பயிற்சி செய்யும் குழுவொன்றில் சேர வேண்டுமாம், துவக்கு வேண்டுமாம். "அசல் துவக்குத்தான் வேணும் மாமி, நகல் எண்டா மற்றவங்க சிரிப்பாங்க" என்று என் காதில் ஓதிக்கொண்டே வந்தான். தம்பி வாகனத்தை ஓட்டியபடி சிரித்தார். தம்பியின் மனைவி மட்டும் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அசலும் வேணாம், நகலும் வேணாம். வீட்டுக்குள்ள அந்தச் சாமான் வரப்படாது" என்றார். இந்த வழக்கில் நியாயம் சொல்ல என்னைத்தான் இருவரும் நம்பியிருக்கிறார்கள் என்பது பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது.

விடயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் இடையில் யுத்தம் நடந்தது. தென்மாநிலங்களில் நாற்பது இலட்சம் அளவிலான கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். அந்த அடிமை முறையைக் காப்பாற்றவே தென்னவர்கள் பிரிந்து போனார்கள். 1863 ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாட்கள் இரண்டு படைகளும் கெட்டிஸ்பேர்க்கில் மோதின. கொல்லப்பட்டோர், காயப்பட்டோர், பிடிபட்டோர், காணாமற் போனோர் என எல்லாமாக ஐம்பதாயிரம் பேரளவில். அப்போது அந்த ஊரின் சனத்தொகை 2,400 மட்டில்தான்.

காலையில் முதலில் ஊருக்குள் போனோம். போல்டிமோர் வீதியில் சிறிய செங்கல் வீடு ஒன்று நூதனசாலையாக இருக்கிறது. கெட்டிஸ்பேர்க் போகும் சகோதரிகள் பீரங்கிகளைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த வீட்டைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். ஜெனி வேட் என்ற இருபது வயதுப் பெண் அங்கே குசினியில் பாணுக்கு மாப் பிசைந்துகொண்டு நின்றாள். வீடு அவளுடைய சகோதரியின் வீடு. சகோதரி பிள்ளை பெற்று ஒரு வாரமே ஆகியிருந்தது. பிள்ளைப்பேற்று வீட்டுக்கு உதவி செய்ய வந்தவள், பசியோடு வாசலில் வந்து கேட்கும் சிப்பாய்களுக்கும் சேர்த்து மாக் குழைத்தாள். ஜூலை 3ம் திகதி காலை எங்கிருந்தோ வந்த சன்னம் ஒன்று வெளிக்கதவைத் துளைத்து, உட்கதவையும் துளைத்து, அவளுடைய முதுகில் பாய்ந்தது. மூன்று நாட் சண்டையில் நேரடியாகச் சூடுபட்டு இறந்த ஊர்வாசி அவள் ஒருத்திதான். பிசைந்து வைத்த மாவை மறுநாள் தாய் பாணாகச் சுட்டுக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். துளை விழுந்த கதவு இன்றும் இருக்கிறது. சுண்டுவிரலை விட்டுப் பார்க்கலாம். நான் விட்டுப் பார்க்கவில்லை. தம்பியின் மனைவி விட்டுப் பார்த்தார். பிறகு வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் ஊரின் மையவாடி. அதன் வாசலருகே ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை 2002ல் வைக்கப்பட்டிருக்கிறது. எலிசபெத் தோர்ன் என்பது அவள் பெயர். மையவாடிக் காவலாளியான கணவன் படையில் சேர்ந்து போய்விட, அவனுடைய வேலையை இவள் பார்த்து வந்தாள். யுத்தம் முடிந்தபோது ஆறு மாதக் கர்ப்பிணி. ஜூலை மாத வெயிலில், வயதான தகப்பனாரோடு சேர்ந்து நூறு சிப்பாய்கள் அளவில் குழி வெட்டி அடக்கியவள். சிலையில் அவள் கையில் இருப்பது மண்வெட்டி. இந்த ஊரில் தளபதிகளுக்கும் படையணிகளுக்கும் 1,300க்கு மேற்பட்ட நினைவுக் கற்கள் நிற்கின்றன. அவ்வளவையும் வைத்து முடித்துப் பல காலம் சென்ற பிறகுதான் மண்வெட்டி பிடித்தவளுக்கு ஒரு சிலை வந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர் நடந்த வயல்கள் இன்று தேசிய பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. ஏறக்குறைய ஆறாயிரம் ஏக்கர். எங்கு பார்த்தாலும் பீரங்கிகள். "இதெல்லாம் அசலா?" என்று நான் கேட்டதற்கு மருமகன் சொன்ன பதில் எனக்குப் புதினமாக இருந்தது. குழல்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்து அசல். அவற்றைத் தாங்கி நிற்கும் வண்டிகளோ நகல். மரவண்டிகள் மழையிலும் பனியிலும் உக்கிப் போனதால், 1890களிலிருந்து இரும்பில் வார்த்து, மரம் போலவே வர்ணம் பூசி வைத்தார்கள். அந்த இரும்பு வண்டிகளை வார்த்த உள்ளூர்ப் பட்டறைக்காரர் கல்வின் கில்பேர்ட் என்பவர் அதே யுத்தத்தில் போராடியவராம். நகல் வண்டிகளுக்கே இப்போது நூறு வயது தாண்டிவிட்டது. அப்படியென்றால் அவற்றை அசல் என்பதா, நகல் என்பதா? இந்தக் கேள்வியோடுதான் நான் போலி யுத்தம் பார்க்கப் போனேன்.

ஒன்றைக் கவனியுங்கள். அசல் போர் நடந்த பூங்காவுக்குள் இந்த நடிப்புப் போருக்கு அனுமதி இல்லை. உடையணிந்து வந்து பழைய கால வாழ்க்கையை விளக்கலாம், வானத்தைப் பார்த்துத் துவக்கை வெடித்துக் காட்டலாம். ஆனால் இரண்டு அணிகள் ஒன்றையொன்று நோக்கிச் சுடுவதும், செத்து விழுவதுபோல் நடிப்பதும் கூடாது. மனிதர் உண்மையாகச் செத்த மண்ணில் சாவை விளையாட்டாகக் காட்டுவது மரியாதைக் குறைவு என்பது பூங்கா நிர்வாகத்தின் கொள்கை. எனக்கு அது சரியென்றே பட்டது. ஆகவே நடிப்புப் போர் பக்கத்திலுள்ள தனியார் பண்ணை நிலங்களில் நடக்கிறது.

கூடார முகாமுக்குள் நுழைந்ததும் என் கண் போனது துவக்கில் அல்ல, துணியில். பெண்கள் தரையைத் தொடும் பருத்திக் கவுன்களோடு, தலையை மூடித் தொப்பி கட்டிக்கொண்டு, விறகடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். என் முக்காட்டைப் பார்த்து ஒருத்தி, "உங்களுக்கு உடை மாற்றத் தேவையே இல்லை" என்று சொல்லிச் சிரித்தாள். கூடாரத்துக்குக் கூடாரம் தையல் விவாதம். பொத்தான் துளையைக் கையால் தைத்ததா, இயந்திரத்தால் தைத்ததா? நூல் பருத்தியா, பொலியெஸ்டரா? காலத்துக்குப் பொருந்தாத பொருளோடு வருபவரை அவர்கள் 'ஃபார்ப்' என்று கேலி செய்கிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அவர்களுக்குள்ளேயே பிணக்கு. கைக்கடிகாரம் கட்டி வந்தவன் ஃபார்ப், டெனிம் காற்சட்டை போட்டு வந்தவன் ஃபார்ப். நம் கலியாண வீடுகளில் அசல் காஞ்சிபுரமா, போலியா என்று முந்தானையைத் திருப்பிப் பார்ப்பார்களே, அதே பார்வைதான்.

துவக்கிலும் அதே பார்வை. தம்பிக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்களைத் தம் கூடாரத்துக்கு அழைத்தார். மருமகனுக்காகவே இரண்டு துவக்குகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒன்று அவருடைய பாட்டனாரின் தகப்பனார் யுத்தத்தில் சுமந்தது. 1865ல் படையைக் கலைத்தபோது, விரும்பிய சிப்பாய்கள் தங்கள் துவக்கை ஆறு டொலர் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக இராணுவம் அனுமதித்திருந்தது. மற்றது, அதே மாதிரியில் இத்தாலியில் செய்த நகல். இரண்டும் 'என்பீல்ட் 1853' என்ற இங்கிலாந்து மாதிரி. நீளம் 55 அங்குலம், நிறை நான்கு கிலோவுக்குச் சற்று அதிகம். நம் கிராமப்புறங்களில் இடியன் துவக்கு என்பார்களே, அதன் இனம்தான். வாய்ப் பக்கத்தால் மருந்தைக் கொட்டி, சன்னத்தைப் போட்டு, நீண்ட இரும்புக் கோலால் இடித்து இறக்கி, பின்பக்கத்துச் சிறு குமிழில் செப்புத் தொப்பி ஒன்றை வைத்தால், துவக்கின் 'குதிரை' அதன்மேல் விழுந்து பொறி பறக்கும்.

இந்த என்பீல்ட் என்ற பெயரை நீங்கள் எங்கோ கேட்டிருப்பீர்கள். 1857ல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழக் காரணமாகச் சொல்லப்படும் துவக்கு இதுவேதான். மருந்தும் சன்னமும் கடதாசியில் சுற்றி வரும். அந்தச் சுருளைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். வழுவழுப்புக்காகப் பூசிய கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்ற செய்தி பரவியபோது முஸ்லிம் சிப்பாயும் இந்துச் சிப்பாயும் ஒன்றாக மறுத்தார்கள். கையால் கிழித்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் இறங்கி வந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தக் கிளர்ச்சியின் முடிவில்தான் கடைசி முகலாயப் பேரரசர் பஹதூர் ஷா ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862ல் அங்கேயே மௌத்தானார். அதே ஆண்டுகளில் அதே மாதிரித் துவக்குகள் இலட்சக்கணக்கில் கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்தன. வடக்கும் வாங்கியது, தெற்கும் வாங்கியது. டெல்லியில் ஒரு கதை, கெட்டிஸ்பேர்க்கில் ஒரு கதை, நடுவில் ஒரே இரும்பு!

தென்பக்கத்து அடிமைகளுள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட முஸ்லிம்களும் இருந்தார்கள். வட கரோலினாவில் அடிமையாகவே முதுமை எய்திய உமர் இப்னு செய்யித் என்ற மேற்கு ஆபிரிக்கர் 1831ல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். அந்த அசல் கையெழுத்துப் பிரதி இன்று வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. முகாமில் தென்படையின் சாம்பல் நிற உடையோடு சிரித்துப் பேசித் திரிந்த நல்ல மனிதர்களைப் பார்த்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். எதிரணி இல்லாமல் போரைக் காட்ட முடியாதுதான். இருந்தாலும் அந்த உடையை என் மருமகன் உடுத்த நான் சம்மதிக்க மாட்டேன். அதை அவனிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

இனி ஆசிரியரின் இரண்டு துவக்குகளுக்கு வருவோம். தூரத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கையில் எடுத்தால் தெரியும். அசலின் மரம் ஒல்லி, கை வைக்கும் இடம் தேய்ந்து உள்ளங்கைக்குப் பொருந்திக்கொள்கிறது. நகலின் மரம் சற்றுப் பருமன், மேலே கண்ணாடி போன்ற மினுக்கு. அசலின் உலோகத்தில் கிரீடமும் 'டவர்' என்ற சொல்லும் நுண்ணிய கீறலாக மங்கிக் கிடக்கின்றன. குழலைக் கழற்றினால் அடியில் சின்னஞ்சிறு எழுத்துக்கள். பேர்மிங்ஹாம் பட்டறைகளில் குழலை ஒட்டியவர் ஒருவர், பூட்டைத் தேய்த்தவர் வேறொருவர், மரம் செதுக்கியவர் இன்னொருவர். அவரவர் கைராசியை அங்கே பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நகலின் குழலிலோ 'கருமருந்து மட்டும்' என்ற ஆங்கில எச்சரிக்கையும் இத்தாலிய அரசாங்கப் பரிசோதனை முத்திரையும் பளிச்சென்று இருக்கின்றன.

அந்த முத்திரையை இளக்காரமாகப் பார்த்த மருமகனை ஆசிரியர் பிடித்துக்கொண்டார். "இந்த முத்திரை எதற்கு என்று தெரியுமா? வழக்கமான அளவைவிட அதிக மருந்து போட்டு வெடித்து, குழல் தாங்குகிறது என்று கண்ட பிறகுதான் அதை அடிப்பார்கள். என் பாட்டனாரின் துவக்குக்கும் பேர்மிங்ஹாமில் அப்படி அடித்தார்கள். ஆனால் அது நூற்று அறுபது வருடத்துக்கு முந்திய சாட்சி." பழைய குழல் இரும்புத் தகட்டைச் சுருட்டிக் காய்ச்சி ஒட்டியது. கருமருந்தின் புகை உப்பு உள்ளே அரித்திருந்தால் வெளியே தெரியாது. குதிரையைப் பாதியில் நிறுத்தும் பல் தேய்ந்திருந்தால், நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடும். மரம் காய்ந்து வெடித்திருக்கும். அதற்குமேல், ஒன்று உடைந்தால் உலகத்தில் ஒன்று குறைந்துவிட்டது. 1961ல் நூற்றாண்டு நினைவுகள் தொடங்கியபோது நகல் கிடைப்பது அரிது. பலர் அசலையே வயலுக்குக் கொண்டுபோனார்கள்.

நகல் தொழில் பெருகியது அந்தத் தேவையால்தான். அமெரிக்க வியாபாரி ஒருவர் 1950களின் பிற்பகுதியில் வட இத்தாலிக்குப் போய், பிரெஷா நகருக்கு மேலேயுள்ள ட்ரொம்பியா பள்ளத்தாக்கின் பட்டறைகளில் பழைய கைத்துவக்குகளுக்கு நகல் செய்வித்தார். பிறகு நீண்ட துவக்குகளும் வந்தன. 1970களில் பேர்மிங்ஹாமின் பார்க்கர் ஹேல் நிறுவனம் பழைய அசல் அளவுகோல்களை வைத்தே என்பீல்ட் நகல்களைச் செய்தது. இன்றைக்கும் அந்த நகல்களைத் தேடி வாங்குகிறார்கள். இத்தாலியப் பள்ளத்தாக்கோ சும்மா இடமல்ல. 1526ல் வெனிஸ் அரசுக்கு 185 துவக்குக் குழல் செய்து கொடுத்ததற்கான கணக்கு அங்குள்ள பெரெற்றா குடும்பத்திடம் உண்டு. ஐந்நூறு வருடமாக இதையே செய்யும் ஊரில் செய்த பொருளை நகல் என்று உதட்டைப் பிதுக்குவது எப்படி? இந்தியாவிலும் செய்கிறார்கள். அங்கிருந்து வருபவற்றில் பல, பொறி உள்ளே போகும் துளை போடாமலே வருகின்றன. துளை இல்லாதவரை அது அலங்காரப் பொருள். துளை போட்ட அன்று அது ஆயுதம்.

விலையைக் கேட்டேன், பெண் புத்தி அல்லவா. நல்ல நகலுக்கு ஆயிரம் டொலரைத் தாண்டும். நல்ல நிலையிலுள்ள அசலுக்கு அதற்கும் மேலே, வரலாறு தெரிந்ததாக இருந்தால் எல்லையே இல்லை. இந்த வித்தியாசத்தில்தான் கள்ளமும் நுழைகிறது. நகலின் மினுக்கைச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, இத்தாலிய எழுத்தை அராவி எடுத்து, அந்தக் காலத்து முத்திரையை அடித்துக் கொடுக்கும் தொழிலாளர்கள் உண்டு. முகாமில் நேர்மையாக உடுத்திக் காட்டுவதற்காகச் செய்யும் வேலை அது. ஆனால் அந்தத் துவக்கு இரண்டு கை மாறி, மூன்றாவது கையில் 'கொள்ளுப்பாட்டன் வைத்திருந்தது' என்ற கதையோடு அசல் விலைக்குப் போனால்? ஆசிரியர் தம் நகலில் தொடர் இலக்கத்தையும், மரத்துக்கு அடியில் மறையும் இத்தாலிய முத்திரைகளையும் தொடாமல் விட்டிருந்தார். "எனக்குப் பிறகு வாங்குபவன் ஏமாறக் கூடாது" என்றார்.

தம்பியின் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது ஒரு கேள்வி கேட்டார். "நகல் எண்டா ஆளைக் கொல்லாதா?"

ஆசிரியர் உடனே பதில் சொல்லாமல் தொப்பியைக் கழற்றி வைத்தார். கொல்லும் என்றார். நகல் என்பது பழைய சாயலில் செய்த புதிய துவக்கு, விளையாட்டுச் சாமான் அல்ல. 2021ல் நியூ மெக்சிகோவில் திரைப்படப் பிடிப்பொன்றில் ஒளிப்பதிவாளரான பெண் உயிரிழந்தது இத்தாலியில் செய்த நகல் கைத்துவக்கால்தான். உள்ளே இருக்கக் கூடாத உண்மைச் சன்னம் உள்ளே இருந்தது. இதே கெட்டிஸ்பேர்க்கில் 1998ல், 135வது ஆண்டு நடிப்புப் போரின்போது இரவல் வாங்கிய கைத்துவக்கிலிருந்து சன்னம் புறப்பட்டு ஒருவரின் கழுத்தில் பாய்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

பிறகு அசலைச் சுட்டிக்காட்டி இன்னொன்று சொன்னார். அது அவர்கள் வீட்டுச் சுவரில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கியதாம். அதற்குக் கீழேதான் அவருடைய தொட்டில் இருந்ததாம். வாலிப வயதில் ஒருநாள் துவக்குத் திருத்துபவர் ஒருவர் கோலை உள்ளே விட்டு அளந்து பார்த்து, வெளியே பிடித்து மீண்டும் அளந்து பார்த்து, எல்லோரையும் அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். உள்ளே மருந்தும் சன்னமும் அப்படியே இருந்தன. யார் ஏற்றியது, எப்போது ஏற்றியது, ஒருவருக்கும் தெரியாது. கருமருந்து நனையாமல் இருந்தால் எத்தனை காலமானாலும் கருமருந்துதான். போர் முடிந்து கெட்டிஸ்பேர்க் வயல்களில் பொறுக்கியெடுத்த 27,574 துவக்குகளில் ஏறக்குறைய 24,000 மருந்து ஏற்றியபடியே கிடந்ததாக இராணுவக் கணக்கு கூறுகிறது. அவற்றில் பாதியில் இரண்டு தரம் ஏற்றியிருந்தது. ஒன்றில் இருபத்துமூன்று தரம்! சத்தத்திலும் பயத்திலும், வெடித்ததா இல்லையா என்றே தெரியாமல் பையன்கள் மேலும் மேலும் இடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மருமகனின் முகம் சுருங்கியதைக் கண்டேன். பாடப் புத்தகத்தில் அவன் வாசித்த வீரம் வேறு.

பின்னேரம் போர் தொடங்கியது. அதற்குமுன் நடந்ததுதான் என் மனதில் நின்றது. ஒவ்வொரு வரிசையாக நிறுத்தி, இடிகோலை உருவி வெற்றுக் குழலுக்குள் நழுவவிடச் சொன்னார்கள். அடியைத் தொட்டதும் 'டிங்' என்று மணி போல் ஓசை வந்தால் குழல் காலி. 'தொப்' என்று அமுங்கினால் உள்ளே ஏதோ இருக்கிறது. பொறுப்பாளர் காதைச் சாய்த்துக் கேட்டபடியே நகர்ந்தார். டிங், டிங், டிங் என்று வரிசை நெடுக. ஒருவரின் குழலில் ஓசை தெளியவில்லை. பழைய அழுக்குத்தானாம், இருந்தும் அவரை அன்று வயலில் இறக்கவில்லை. சுடும்போது கோலை வெளியே எடுக்கவே கூடாது, மருந்தை வெறுமனே கொட்ட வேண்டும், வாயை மனிதர் தலைக்கு மேலே உயர்த்த வேண்டும், பதினாறு வயதுக்கு உட்பட்டவர் துவக்குத் தொடக் கூடாது. இவை அந்தக் குழுவின் சட்டங்கள். கடைசிச் சட்டத்தைக் கேட்டு மருமகன் தரையைப் பார்த்தான். தாய் வானத்தைப் பார்த்தார்.

போரைப் பற்றி அதிகம் எழுத என்னிடம் இல்லை. புகை. பல்லால் கடிதாசியைக் கிழித்துக் கிழித்துக் கறுத்த உதடுகள். வரிசையாக வெடித்தபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நான் என்னை அறியாமல் குனிந்துவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். விழுந்து கிடந்தவர்களில் ஒருவர் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு, வெயில் தாங்காமல் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

திரும்பும்போது பூங்காவிலுள்ள தாழ்ந்த கல்மதிலருகே வாகனத்தை நிறுத்தினோம். மூன்றாம் நாள் தென்படை மோதி உடைந்த இடம். 1913ல் ஐம்பதாவது ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பழைய சிப்பாய்கள் இங்கே வந்து கூடினார்கள். பெரும்பாலானோர் எழுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். தென்பக்கத்துக் கிழவர்கள் கைத்தடியூன்றி அதே வயலில் நடந்து வர, வடபக்கத்துக் கிழவர்கள் மதிலுக்கு மேலால் கை நீட்டினார்கள். அசல் மனிதர்கள். கையில் அசலும் இல்லை, நகலும் இல்லை. அந்தக் கைகுலுக்கலின் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் கறுப்பின முகம் ஒன்றும் தென்படாது என்பதை மருமகன்தான் எனக்குச் சொன்னான்.

இதற்கு முன் முகாமைவிட்டுப் புறப்படும்போது நடந்ததை விட்டுவிட்டேன். வெடித்த துவக்கை அன்றே கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இரவில் துருப் பிடிக்கும். பெண்கள் விறகடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துச் சவர்க்காரம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பியின் மனைவி ஆசிரியரின் மனைவி பக்கத்தில் போய் நின்று, "இரவைக்கு இத எங்க வைப்பீங்க?" என்று கேட்டார். இரும்பு அலுமாரியில், அசலும் நகலும் ஒன்றாக, என்றாள் அந்த அம்மா. திறப்பு? தன் கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள். தம்பியின் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் நின்றார். "பதினாறு முடியட்டும், பிறகு பார்ப்பம். அதுவரைக்கும் தண்ணி சுமக்கட்டும்" என்று மகன் காதில் விழும்படி சொன்னார். பிறகு கேத்தலைத் தானே வாங்கி, ஆசிரியர் பிடித்திருந்த குழலின் வாயில் மெதுவாக ஊற்றினார். மறுமுனையால் மை போல் தண்ணீர் வந்தது. நிறம் தெளிய மூன்று கேத்தல் வேண்டியிருந்தது.